மல்கிரேவில் ஜெனரலுக்கு விசாரணை

கொல்லப்பட்டு ஏழு வருடம் கழித்து ஒரு ஜனாதிபதி மல்கிரேவ் தமிழர் ஒன்றியத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு வந்தார். கொஞ்சம் பிந்தித்தான் வந்தார். கூட்டமும் வழக்கம்போலப் பிந்தித்தான் தொடங்கியது என்பதால் அவருக்கு ஒன்றும் தவறிப்போகவில்லை. இராணுவச் சீருடை, தோளிலிருந்து வயிறு வரை பதக்கங்கள், நடு நெஞ்சில் ஓர் ஓட்டை. பின்வரிசையில் இருந்தவர்களுக்கு அந்த ஓட்டைக்குள்ளால் மேடைப் பதாகையின் மூலை தெரிந்தது. ஆனாலும் ஒருவரும் பதறவில்லை. ஏனென்றால் அவர் போய் அமர்ந்தது முன்வரிசை நடுவில், வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்த பிரதம விருந்தினர் கதிரையில்.

அந்தக் கதிரையில் இருப்பவரை யாரென்று கேட்கும் வழக்கம் நம்மவரிடம் கிடையாது. முதலில் பொன்னாடை, பிறகு விளக்கேற்றல், பிறகு குழுப்படம், அதற்குப் பிறகுதான் பெயர். தலைவர் தருமராசா இளைப்பாறிய பொறியியலாளர். வெறுந்தோளைக் கண்டால் கை சும்மா இருக்காதவர். பதக்கங்கள் மறையும்படி வந்தவரைப் போர்த்திவிட்டு, மங்கள விளக்கின் முதல் திரியை ஏற்றவைத்து, இரண்டு வார்த்தை பேசும்படி கேட்டார். உண்மையில் அழைக்கப்பட்டிருந்த நகரசபை உறுப்பினர் வந்து சேர்ந்தபோது இடமில்லை. பாவம் மனுஷன், கடைசி வரிசையில் பிள்ளைகளோடு இருந்து மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகத்தான் போனார்.

வந்தவருடைய நாட்டின் பெயர் நம்முடைய வாயில் நுழையவில்லை. ஆகையால் அன்று முதல் அவர் ஜெனரல், அவ்வளவுதான். இறந்தவர்களுக்கு எல்லா மொழியும் வரும் என்பது அன்றுதான் தெரியவந்தது. அவர் பேசியது சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். இதில் மட்டக்களப்பு உறுப்பினர்களுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். ஆட்சி கவிழ்ந்த அன்று ஒரு கோழிப்பண்ணைக்குள் ஒளிந்திருந்ததாகவும், கையை உயர்த்திக்கொண்டு வெளியே வந்ததாகவும், பிடித்தவர்கள் லொறியில் ஏற்றிய பிறகு, அது பெரிய வீதிக்குத் திரும்பமுன் தன்னைச் சுட்டதாகவும் அவர் சொன்னார். புதிய அரசாங்கமோ இருதரப்புச் சூட்டில் அகப்பட்டு இறந்தார் என்று அறிவித்துவிட்டது. "மற்றத் தரப்பு ஆர்? கோழியளோ?" என்று கேட்டார். சபை சிரித்தது. அந்த உற்சாகத்தில் தன்னுடைய ஆட்சியில் ஒருவர்கூட அப்படிக் கொல்லப்படவில்லை என்று சேர்த்துச் சொன்னார். சொன்னதும் நெஞ்சு ஓட்டையிலிருந்து புகை கிளம்பியது. மண்டபத்தின் அலாரம் அடித்தது. தீயணைப்புக்காரர் வந்து, எல்லாக் கதவையும் திறந்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

அவர் ஏன் லண்டனுக்கோ ஜெனீவாவுக்கோ போகாமல் மல்கிரேவ் என்ற இந்தப் புறநகருக்கு வந்தார் என்றால், அதற்கும் காரணம் தருமராசாதான். முந்தின வருடம் ஒன்றியம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. பிடிபட்ட பிறகோ சரணடைந்த பிறகோ கொல்லப்பட்டவர் உலகில் எவராயினும், எந்த நாட்டினராயினும், எந்த நிலையினராயினும், அவருடைய சாவு விசாரிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். நம்முடைய ஆட்களை மனதில் வைத்துத்தான் எழுதியது என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் தருமராசாவுக்குத் தீர்மானம் என்றால் உலக அளவில் இருக்க வேண்டும். உயிரோடிருப்பவர்கள் ஒருவரும் அதற்குப் பதில் போடவில்லை. முதலில் பதில் சொன்னவர் ஜெனரல்.

அந்தத் தீர்மானத்தைக் கேட்டு வாங்கியவள் வசந்தினி. படகில் அகதியாக வந்தவள், தற்காலிக விசாக்காரி, பக்கத்து டண்டினோங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. போர் முடிந்த அந்த மே மாதத்தில் அவளுடைய கணவன் ஜெகதீஷ் கைகளை உயர்த்திக்கொண்டு போய்ச் சரணடைந்ததையும், சிப்பாய்கள் அவனை ஒரு பஸ்ஸில் ஏற்றியதையும் அவள் கண்ணாலே கண்டவள். அப்படி ஒருவர் சரணடையவே இல்லை என்று பதினைந்து வருடமாக அவளுக்குச் சொல்லப்பட்டு வருகிறது. வசந்தினி பொட்டை அழிக்கவில்லை. அவள் முன்னால் அவனைப் பற்றி இறந்தகாலத்தில் பேசியவர்கள் இரண்டாம் முறை பேசியதில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்த பஸ் எங்கே போனது என்று யாராவது விசாரித்துச் சொல்ல வேண்டும்.

ஜெனரலுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டபடியால் அவரைத் துரத்தவும் முடியவில்லை. தருமராசாவின் கராஜில் தங்கினார். பிள்ளைகள் அவரை ஜெனரல் அங்கிள் என்று கூப்பிட்டார்கள். சனிக்கிழமைகளில் ஸ்பிரிங்வேல் ரோட் தமிழ்க்கடைக்குப் போய், முருங்கைக்காயை முறித்துப் பார்த்து, அது முற்றல் என்று கடைக்காரருக்குக் கட்டளையிட்டார். சிறுவர் பேச்சுப்போட்டிக்கு நடுவராக இருந்து முதற்பரிசைத் தனக்கே வழங்கிக்கொண்டார். சில வாரங்களில் அவர் நெஞ்சு ஓட்டை யாருடைய கண்ணுக்கும் தெரியாமல் போயிற்று. அலாரம் மட்டும் அடிக்கடி அடித்தது, ஏனென்றால் மனுஷன் வாயைத் திறந்தால் பொய்.

செயலாளர் சுபாங்கன் கணினிக்காரன். எதையும் தேடிப் பார்க்காமல் விடமாட்டான். ஜெனரலின் காலத்தில் ஒரு விளையாட்டரங்கு நிறைய ஆட்களை அடைத்ததும், அவர்களில் பலர் திரும்பி வராததும் அவனுக்குத் தெரியவந்தது. இப்படிப்பட்ட ஒருவனுக்காக நாங்கள் நீதி கேட்டால் காறித் துப்புவார்கள் என்றான். சரியாகத்தான் சொன்னான். மக்களை வதைத்த ஆட்சியாளர் நீங்கலாக என்று ஒரு வரியைத் தீர்மானத்தில் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தான். உடனே ஒன்றியம் இரண்டாகப் பிரிந்தது. நம்முடைய ஒன்றியம் பிரிவதற்குப் பெரிய காரணம் தேவையில்லை, ஒருமுறை இடியப்பச் சம்பலின் நிறத்துக்காகவும் பிரிந்தது. ஆனால் இந்தமுறை இரண்டு பகுதியிலும் நியாயம் இருந்தது, அதுதான் சங்கடம்.

திருத்தத்தை எடுக்கவிருந்த கூட்டத்துக்கு இன்னொருவர் வந்தார். நித்திரை உடுப்பு, வெறுங்கால், கழுத்தைச் சுற்றிக் கயிற்றுத் தழும்பு. அதே நாட்டின் மன்னர். ஜெனரல் அவரைக் கட்டிலிலிருந்து இழுத்துப் போட்டுத்தான் ஆட்சியைப் பிடித்திருந்தார். மன்னருக்குப் பின்னால் உடைந்த மூக்குக் கண்ணாடியோடு ஒரு பிரதமர். அவரைக் கவிழ்த்தது மன்னர். அவருக்கும் பின்னால் ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் போய் நின்றது அந்தப் பிரதம விருந்தினர் கதிரையடியில். ஒவ்வொருவரும் தன்னுடைய சாவை விசாரிக்க வேண்டும் என்றார்கள், தனக்கு முந்தியவருடையதை விசாரிக்கத் தேவையில்லை என்றார்கள். மன்னருடைய விசயம் அந்தக் காலத்துச் சூழ்நிலை, அதைக் கிண்டக்கூடாது என்றார் ஜெனரல். பிரதமருடைய விசயத்தைப் பற்றி மன்னரும் சொல்லுக்குச் சொல் அதையே சொன்னார்.

வாக்கெடுப்பில் இரண்டு பக்கமும் சமமாக வந்தது. கை உயர்த்தாமல் இருந்தவள் வசந்தினி மட்டும்தான். அவள் எழுந்து நின்றாள். முதலில் ஜெனரலைப் பார்த்து, "உங்களை எனக்குக் கண்ணிலையும் காட்டக்கூடாது" என்றாள். அவர் பொன்னாடையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு சபையைப் பார்த்தாள். "என்ர மனிசனைப் பற்றியும் அங்க உப்பிடித்தான் சொல்லுறாங்கள். அவன் ஆர், என்ன செய்தவன், அவனுக்கு ஏன் விசாரணை எண்டு. நல்ல ஆளெண்டால் மட்டும் விசாரிப்பம் எண்டால், நல்ல ஆளோ எண்டு முடிவெடுக்கிறது சுட்டவன்தான். கையை உயர்த்தினாப் பிறகு சுட்டது பிழை. அதுக்கு மேல ஒரு வரியும் எழுதாதேங்கோ." வசந்தினி திருத்தத்துக்கு எதிராகக் கையை உயர்த்தினாள். உயர்த்திய கையை இறக்கும் முன் இன்னொன்றும் சொன்னாள். ஒவ்வொருவருடைய விசாரணைக்கும் முன்னால், அவர் கொன்றவருடைய விசாரணை நடக்க வேண்டும். அதை இரண்டு பகுதியும் கைதட்டி ஏற்றுக்கொண்டன.

அப்படித்தான் மல்கிரேவில் விசாரணை தொடங்கியது. நிகழ்ச்சிநிரலில் இறந்தவர்களுக்கான அக வணக்கத்துக்கும் தேநீருக்கும் இடையில் அதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. வெளிவாசலில் தீயணைப்பு வண்டி முன்கூட்டியே வந்து நின்றது. அந்தப் பெடியங்களுக்கு உழுந்து வடை பழகிவிட்டது. முதலில் கடைசியில் நின்ற பழைய ஆட்களை எடுத்தார்கள், பிறகு பிரதமரை, பிறகு மன்னரை. மன்னரை எங்கே கொண்டுபோனீர்கள் என்று தருமராசா கேட்டார். மாரடைப்பு என்றார் ஜெனரல். புகை, அலாரம். தப்பி ஓடும்போது விழுந்தார் என்றார். புகை, அலாரம். மாதக்கணக்காக இது நடந்தது. கூரையெல்லாம் கரிபிடித்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெனரல் களைத்துப்போய், கழுத்தை நெரித்தது தன்னுடைய மெய்க்காவலன் என்றும், சொன்னது தான் என்றும், புதைத்தது மாளிகைக் குதிரை லாயத்தின் பின்பக்கம் என்றும் சொன்னார். புகை வரவில்லை. மன்னர் அதைக் கவனமாகக் கேட்டார். "லாயத்துக்குப் பின்னாலயோ," என்றார். "நான் கிணத்தடி எண்டு நினைச்சனான்." பிறகு மேசையில் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார், வைத்த கையோடு இல்லாமல் போனார். பிரதமரும் அப்படித்தான் போயிருந்தார், மற்றவர்களும். என்ன நடந்தது என்று சபையில் சொல்லப்பட்டால் அவர்கள் போய்விடுவார்கள் என்பது நமக்கு விளங்கிவிட்டது. ஜெனரலைச் சுட்டவன் உயிரோடு, பதவியோடு இருக்கிறான்; அவன் வந்து சொல்லுவானா? ஆகவே ஜெனரல் தங்கிவிட்டார்.

வசந்தினிக்கு வேறொன்றும் விளங்கியது, அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. செய்தி பரவி, ஆட்சியாளர்களுக்குப் பிறகு வேறு ஆட்களும் வரத் தொடங்கியிருந்தார்கள். பதக்கம் இல்லாதவர்கள், வெறும் சேட்டு போட்டு இடுப்பில் சாரம் கட்டியவர்கள், பல தேசத்தவர்கள். கார் தரிப்பிடத்தில் வரிசையாக நின்றார்கள். அந்த வாசலால் வருகிறவர்கள் எல்லோரும் கொல்லப்பட்டவர்கள். உயிரோடு இருப்பவன் எவனும் அந்த வரிசையில் வரப்போவதில்லை. திறக்கச் சொல்லிக் கதவைத் தட்டியவளும் அவள்தான். ஒவ்வொரு மாதமும் அவள் வந்தாள், ஆனால் வாசல் கண்ணில் படாமலிருக்க முன்வரிசைக்கு மாறிக்கொண்டாள். யாராவது உள்ளே வரும் சத்தம் கேட்டால் கைப்பையின் சிப்பைத் திறந்து திறந்து மூடினாள். கூட்டம் முடிந்து, அவன் வரவில்லை என்று தெரிந்த பிறகு, அவள் இரண்டு ரோல்ஸ் அதிகமாகச் சாப்பிடுவாள்.

சித்திரை வருடப் பிறப்புக்குப் பிந்திய கூட்டத்தில் ஜெகதீஷ் வந்தான். செம்மண் ஒட்டிய சாரம், ஒரு பாட்டாச் செருப்பு, முப்பத்திரண்டு வயது. வசந்தினி இப்போது அவனைவிட மூத்தவள். அவன் வரிசைகளுக்கு நடுவால் வந்து அவள் பக்கத்தில் நின்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கைப்பையைப் பக்கத்துக் கதிரையிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள்.

"இருங்கோவன்," என்றாள். "சாப்பிட்டனீங்களோ?"

இல்லை என்றான். அவள் அழுதாள். நாமும் அழுதோம், ஜெனரலைத் தவிர. அவர் இப்போது தன்னுடைய முறை என்று ஞாபகப்படுத்தினார், அவரை இருக்கச் சொன்னார்கள். தருமராசா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வழக்கப்படி பெயர் கேட்டார். அப்படி ஒருவர் இல்லை என்று பதினைந்து வருடமாகச் சொல்லப்பட்டவன் தன் பெயரையும் ஊரையும் சொன்னான். சுபாங்கன் இரண்டுமுறை கேட்டு எழுதிக்கொண்டான். பஸ் எங்கே போனது என்று அவனுக்குத் தெரியும். ஏற்றியவர்களின் முகமும் தெரியும், இரண்டு பேருடைய பெயரும் தெரியும். யார் கட்டளையில் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியாது. அதற்கு வரிசையில் நின்ற ஒருவர் சாட்சி சொல்ல ஆயத்தமாக இருந்தார். தொடங்குவோமா என்று தருமராசா கேட்டார்.

வசந்தினி எழுந்தாள். கணவனுடைய சாரத்தின் ஓரத்தை அவள் ஒரு கையால் பிடித்திருந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

"விசாரணை கட்டாயம் நடக்கவேணும், தலைவர்," என்றாள். "அடுத்த மாசம் வைப்பம்."

ஒன்றியத்தின் வரலாற்றில் ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான். வழிமொழிந்தவர் ஜெனரல், புகை வரவில்லை. அன்றைக்குப் பின்னேரம் அவர்கள் இருவரும் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள்.