சாய மறுத்த சுண்டு

புளியங்குளத்தில் கலந்தர் நானாவின் பிளாஸ்டிக் பட்டறையில் அன்று நாற்பதாவது அரிசி அளக்கும் சுண்டும் அச்சை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். சுருங்கி, நடுவில் நிற்கிற இரும்புக் கட்டையைக் கவ்விக்கொள்ளும். இயந்திரம் கம்பியால் தள்ளிப் பார்த்தது. சுண்டு அசையவில்லை, அதன் அடிதான் ஓட்டையானது.

“நஸீஹா, சுவரைக் கொஞ்சம் சாய்ச்சு வரைஞ்சா என்ன குறைஞ்சே போயிடுவாய்? இன்னும் ஒருக்காத்தான் கட்டை கடைவன். அதுவும் பிழைச்சா அச்சு பழைய இரும்புக்குத்தான்,” என்றார் கலந்தர் நானா.

அவளுக்கா தெரியாது? அச்சு வரையவே படித்தவள். ஆனால் உம்மா இருக்கிறாரே! இடம்பெயர்ந்திருந்த காலத்தில் ஒரு கடைக்காரன் அடி ஒடுங்கிய கோப்பையால் அரிசி அளந்து ஏமாற்றினான். அன்றிலிருந்து உம்மாவுக்கு நேரான பால் தகரப்பேணிதான் சுண்டு, ஒடுங்கினதெல்லாம் களவு. “நீ செய்யிற சுண்டு ஆரையும் ஏமாத்தக்கூடாது மகள்,” என்றதற்கு ஓம் என்று தலையாட்டியிருந்தாள். பாழாய்ப்போன தலை.

மறுநாள் காலை குசினியில் அரைத்தூக்கத்தில் குந்தியிருந்தாள். அடுப்பிலிருந்து ஆவி எழும்பியது. அதற்குள் வெள்ளைச் சுண்டுகள் ஒவ்வொன்றாக மிதந்து கூரைப்பக்கம் போயின. எதிலும் ஓட்டையில்லை, எதற்கும் அவசரமில்லை. உம்மா புட்டு அவிக்கிற ஓலை நீத்துப்பெட்டியைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினார். புட்டு உடையாமல் வழுக்கி வந்து தட்டில் நின்றது. மிதந்த சுண்டுகள் எங்கே போயினவோ, அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“உம்மா, நீத்துப்பெட்டியும் களவோ? அடி ஒடுங்கித்தானே கிடக்கு?”

“விசரி, நேராயிருந்தா புட்டு எப்பிடி விழும்?”

பட்டறைக்கு ஓடினாள். அடியை ஒடுக்கியதற்கு ஈடாக, பேணியளவே பிடிக்கும்படி வாயை விரித்து வரைந்தாள். நாலாம் நாள் புதுக் கட்டையோடு அச்சு திறந்தது. சுண்டு பொத்தென்று விழுந்தது. கலந்தர் நானா சத்தம்போட்டுச் சிரித்தார். நஸீஹாவுக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையான பரீட்சை வீட்டில் இருந்தது.

உம்மா சுண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பேணி நிறைய அரிசி எடுத்து, தலைதட்டி, அதற்குள் கொட்டினார். விளிம்போரம் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்தது.

“பாத்தியா, குறையுது!”

கணக்கு பிழைக்க வழியில்லையே! நஸீஹா பேணியை வாங்கி உள்ளே பார்த்தாள். வாய் மடிப்புக்குள் அரிசி மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் சுரண்டிச் சுண்டுக்குள் போட்டாள். பள்ளம் மூடியது.

உம்மா சுண்டைச் சுளகில் கவிழ்த்தார். ஒரு மணி மிச்சமில்லாமல் எல்லாம் விழுந்தது. அவர் பேணியைக் கையில் எடுத்து அதன் மடிப்பில் ஒரு தட்டுத் தட்டினார்.

“முப்பது வருசமா என்னட்டைக் களவெடுத்தது நீயல்லோ!”