கடைசிக் காற்புள்ளிக்குப் பின்னால்

ஞானசேகரம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுமே பூரணி தட்டுவதை நிறுத்தினாள். துறைமுகக் களஞ்சியக் கம்பனியில் ஆட்களை வேலைக்குச் சேர்ப்பதும் வேலையிலிருந்து நிற்பாட்டுவதும் அவர்தான். கம்பியூட்டர் அறைக்குள் சும்மா வருகிறவரல்ல.

"உம்மட விலாசம் வெட்டுற புரோகிராம் ஓடுதுதானே? கிண்ணியா ஆக்களை மட்டும் எடுத்துத் தாரும்."

அது அவள் எழுதிய சிறு நிரல். எவ்வளவு நீண்ட விலாசத்தைக் கொடுத்தாலும் கடைசிக் காற்புள்ளியைத் தேடிப் பிடித்து, அதற்குப் பின்னாலுள்ள ஊரை மட்டும் வெட்டித் தரும். தொழிலாளருக்கு ஊர்வாரியாக பஸ் விடுவதற்கென்று ஆசையாக எழுதினாள். போன மாத வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்கள் கிண்ணியாக்காரர் என்று மேலிடம் முடிவுகட்டியிருந்தது.

"அது பஸ்ஸுக்கு எழுதினது, சேர். ஆக்களை நிப்பாட்ட இல்லை."

"எழுதினதோட உம்மட வேலை முடிஞ்சுது. ஓட்ட எனக்கும் தெரியும். சாப்பிட்டிட்டு வாறன்."

அவர் போனபின் பக்கத்து மேசையிலிருந்து றஹ்மா திரும்பினாள். விலாசங்களைத் தட்டி ஏற்றுகிறவள். கிண்ணியாவிலிருந்து படகேறி வருகிறவள். அவள் நானா என்று கூப்பிடும் அண்ணனும் இங்கேதான் மூட்டை இறக்கினார்.

"நீங்க எழுதாட்டி அவருக்கு இவ்வளவு லேசா இரிக்காது."

"தட்டினது நீயுந்தானே."

றஹ்மா தன் விரல்களைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்க்கப் பூரணிக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல் யார்மேல் என்று தெரியவில்லை. நிரலைத் திறந்தாள். ஊர்ப் பெயரின் கடைசி எழுத்து விடுபடும்படி ஒரு வரியை மாற்றினாள். இனிக் கிண்ணியா என்று கேட்டால் ஒருவரும் அகப்படமாட்டார்கள்.

ஞானசேகரம் வந்து கிண்ணியா என்று தட்டினார். ஒன்றும் வரவில்லை. எல்லா ஊர்களையும் திரையில் காட்டச் சொன்னார். மூதூரும் வெருகலும் வால் அறுந்து வரிசையாக வந்தன. வெகுநேரம் பார்த்தார்.

"கை தவறிப்போச்சு எண்டு சொல்லும். விட்டிடுறன்."

"தவறேல்லை."

அவர் சிரித்தார். கிண்ணியாவைக் கடைசி எழுத்தில்லாமல் தானே தட்டினார். பிரின்டர் கரகரவென்று பெயர்களைத் துப்பத் தொடங்கியது. பெயர்கள் முடியும்வரை பொறுக்காமல் பூரணி எழுந்துபோய்ச் சுவரிலிருந்து பிரின்டரின் வயரைப் பிடுங்கினாள்.

"வயரைத் தாரும்," என்று ஞானசேகரம் கையை நீட்டினார்.

றஹ்மா கதிரையைத் தள்ளிவிட்டு வந்து பூரணியின் அருகில் நின்றாள். பிரின்டரின் வாயில் பாதியில் நின்ற கடதாசி, யன்னலால் வந்த கடற்காற்றில் மெல்ல ஆடியது.