பனிமலைக்கு ஒரு சட்டை

காந்திமதி அந்தச் சட்டையை முதன்முதலாகப் பரீட்சித்துப் பார்த்தது ஓர் ஐஸ் ஃபேக்டரியில். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்த ஃபேக்டரியின் மேஸ்திரி, எலெக்ட்ரீஷியன் பலராமனுக்குத் தெரிந்தவர். வெளியே தொண்ணூற்றொன்றாம் வருட ஏப்ரல் மாத வெயில். உள்ளே ஐஸ் பாளங்களுக்கு நடுவே, கையில்லாத கறுப்புச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு பலராமன் ஒரு மணி நேரம் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது அவருக்குக் காதும் மூக்கும் விறைத்துப் போயிருந்தன. நெஞ்சு மட்டும் வியர்த்திருந்தது.

"முதுகுப் பக்கம் கொஞ்சம் ஜாஸ்தியா சுடுது மேடம்" என்றார்.

காந்திமதிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. மூன்று வருட வேலை அது.

மறைமலை நகரில் குமாரவேல் என்பவர் நடத்திய கோட்டிங் கம்பெனியில் அவள்தான் கெமிஸ்ட். தார்ப்பாய்க்கும் மழைக்கோட்டுக்கும் துணியின் மேல் பூச்சு ஏற்றுகிற கம்பெனி. பூச்சைக் கரைக்க டொலுவீன் ஊற்றுவார்கள். அந்த வாடையில் மத்தியானத்துக்குள் லைனில் நிற்கிறவர்களுக்குத் தலை சுற்றும். ஒருமுறை பீப்பாய் தீப்பிடித்து ஒருவருக்குக் கை வெந்துபோனது. அன்றிலிருந்து காந்திமதி தண்ணீரிலேயே பூச்சு செய்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். பூச்சுக்குக் கறுப்பு தருகிற கரிப்பொடி தண்ணீரில் கரையாது. அரைத்துக் கலக்கினால் சற்று நேரம் மிதக்கும். பிறகு அடியில் போய் அடை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். எதை எந்த வரிசையில் சேர்த்தால் அது உட்காராமல் நிற்கும் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருடம் போயிற்று. கண்டுபிடித்த பிறகு, கறுப்புப் பால் போல ஒரு கலவை கிடைத்தது. அதைப் பூசிக் காய வைத்த துணியில் மின்சாரம் பாய்வதையும் துணி கதகதப்பாவதையும் கம்பெனியின் எலெக்ட்ரீஷியனான பலராமன்தான் டெஸ்டர் வைத்துப் பார்த்துச் சொன்னார். பலராமனின் சித்தப்பா மகன் ராணுவத்தில் சேர்ந்து பனிமலையில் காவலுக்கு நின்று, குளிரில் கருகிய கால் விரல்கள் இரண்டை டாக்டர்கள் எடுத்த பிறகு மணிமங்கலம் திரும்பியவன். சட்டை என்கிற யோசனை அங்கிருந்து வந்தது.

குமாரவேல் சந்தோஷப்பட்டார். தொண்ணூறாம் வருடம் ஆகஸ்டிலேயே மெட்ராஸில் ஒரு பேட்டன்ட் ஏஜென்ட்டைப் பிடித்து, கலவைக்கும் சட்டைக்கும் தனித்தனியாக, கம்பெனி பேரில் முதல் கட்ட விண்ணப்பம் போட்டார். முழு விவரத்தையும் ஒரு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று இருவரிடமும் சொல்லிவைத்தார். வெளியே தெரிந்துவிட்டால் அது புதுசு இல்லை என்று ஆகிவிடுமாம். அதனால் கம்பெனியிலேயே மற்றவர்களுக்குத் தெரியாது. பழைய ஸ்டோர் ரூமைப் பூட்டிக்கொண்டு இருவரும் உள்ளே வேலை செய்தார்கள். ஆஃபீஸ் கிளார்க் பங்கஜம்கூட, மேடம் ஏதோ புது மழைக்கோட்டு செய்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஐஸ் ஃபேக்டரி பரீட்சை முடிந்ததும் குமாரவேல் யாரையோ பிடித்து, ராணுவத்துக்கு உடை வாங்குகிற அதிகாரிகளைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டார். ஜூன் இரண்டாவது வாரம், கிண்டியில், காலை பதினோரு மணி.

அதற்குள் மே இருபத்தொன்று வந்தது. ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில், இடுப்பில் குண்டைக் கட்டிக்கொண்டு வந்த ஒரு பெண்ணால் முன்னாள் பிரதமரும் கூட இருந்தவர்களும் செத்துப்போனார்கள். கடைகளை அடைத்தார்கள், பஸ் நின்றது. பிறகு எல்லாம் மெல்லத் திரும்பின. சாலையெங்கும் சோதனை மட்டும் நிற்கவில்லை. காந்திமதி எல்லாரையும் போலப் பேப்பரில் படித்தாள், எல்லாரையும் போல வருத்தப்பட்டாள். தன் சட்டையை அதோடு சேர்த்து அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அந்தச் சட்டையை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை.

கிண்டிக்குப் போக வேண்டிய அன்று காலை குமாரவேல் வேறு வேலையாக முன்னதாகவே காரில் மெட்ராஸ் போய்விட்டார். நேராகக் கிண்டிக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். காந்திமதியும் பலராமனும் பஸ் ஏறினார்கள். வண்டலூர் தாண்டியதும் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. செங்கமலம் என்ற பெண் கான்ஸ்டபிள் பெண்களின் பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள். காந்திமதியின் பையில் கை விட்டவள் அப்படியே நின்றாள். உள்ளே கெட்டித்துணியில் ஒரு பெல்ட். அதில் வரிசையாகத் தைத்த பைகளுக்குள் எட்டு டார்ச் செல். அதிலிருந்து கறுப்புச் சட்டைக்குப் போகும் ஒயர்கள். ஒரு சின்ன சுவிட்ச்.

"இன்னாம்மா இது?" என்றாள், பையிலிருந்து கையை எடுக்காமல்.

"சட்டைங்க. இடுப்பில் கட்டிக்கிறது. சுவிட்ச் போட்டா சூடாகும்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது எப்படிக் கேட்டிருக்கும் என்று காந்திமதிக்கு உறைத்தது. அதற்குள் பஸ் காலியாகிவிட்டது. ஜன்னல் வழியாகக்கூடக் குதித்தார்கள். பின்பக்கம் உட்கார்ந்திருந்த பலராமன், அது நம்மது, நம்மது என்று சொல்லிக்கொண்டே முன்னால் ஓடிவந்தார். அவரை இரண்டு பேர் தரையில் அமுக்கினார்கள்.

ஸ்டேஷனில் இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் கத்தவில்லை. அவரோடு ஒன்றாக ட்ரெயினிங் முடித்த ஒருவர் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் டியூட்டியில் இருந்து செத்துப்போயிருந்தார். அதை அவர் சொன்ன பிறகு காந்திமதியால் அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. என்ன பூச்சு, எதால் செய்தது, எப்படிச் சூடாகிறது என்று அவர் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் அவள் தயங்கினாள். சொன்னால் வெளியே தெரிந்ததாக ஆகிவிடுமோ, பேட்டன்ட் போய்விடுமோ என்று அந்த நேரத்திலும் மனம் கணக்குப் போட்டது. அந்தத் தயக்கமே சந்தேகத்தை வளர்த்தது. கடைசியில் எல்லாவற்றையும் சொன்னாள். கரிப்பொடி என்று அவள் சொன்னதும் அவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வெடிமருந்திலும் கரிப்பொடி உண்டு.

கம்பெனிக்குப் போன் போட்டார்கள். எடுத்தது பங்கஜம். முதலாளி ஊரில் இல்லை. எங்கள் கம்பெனியில் தார்ப்பாயும் மழைக்கோட்டும்தான், பேட்டரி வைத்து ஒன்றும் செய்வதில்லை என்று உண்மையைச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த உண்மை அதுதான்.

இன்ஸ்பெக்டர் போனை வைத்துவிட்டு, "உங்க ஆஃபீஸ்லயே இல்லங்கறாங்களேம்மா" என்றார்.

"அவங்களுக்குத் தெரியாது சார். ரகசியமா செஞ்சோம்" என்றாள் காந்திமதி. அந்த வார்த்தையும் தவறாகத்தான் போய் விழுந்தது.

ஜன்னலுக்கு வெளியே, மணல் மூட்டைகளுக்கு நடுவில், நீளக் கொம்பு ஒன்றால் சட்டையைத் தூக்கித் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்க்குள் போட்டார்கள். காந்திமதி எழுந்து நின்றுவிட்டாள். தண்ணீரில் செய்த பூச்சு அது. தண்ணீரில் ஊறினால் கரைந்து வந்துவிடுமா என்ற பயம் அவளுக்கு எப்போதும் இருந்தது. அதற்கான நீண்ட சோதனையை அடுத்த மாதம் செய்வதாகத் தள்ளிப்போட்டு வைத்திருந்தாள். சாயங்காலம் குண்டு நிபுணர்கள் வந்து சட்டையை வெளியே எடுத்தார்கள். பீப்பாய்த் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. கறுப்பின் ஒரு சுவடுகூட இறங்கவில்லை. பூச்சு நின்றுவிட்டது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது அவளுக்கு. பலராமன் அடுத்த அறையில் இருந்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிபுணர் ஒயரை வெட்டி, தையலைப் பிரித்து, சட்டையைத் துண்டு துண்டாக்கினார்.

கம்பெனிக்குப் போன் செய்து விஷயம் தெரிந்ததும், இருட்டுவதற்குள் குமாரவேல் வந்து சேர்ந்தார். கிண்டியில் அதிகாரிகள் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்களாம். கையெழுத்துப் போட்டு இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். துண்டுகள் ஸ்டேஷனிலேயே இருந்தன. மறுநாள் ஒரு ஜீப் வந்து காந்திமதியின் வீட்டு ஓனரை விசாரித்துவிட்டுப் போனது. அந்த வாரம் முழுக்க, தெருவில் அவள் நடந்தால் பேச்சு நின்றது.

அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். குமாரவேல் மாறிப்போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அந்தக் கறுப்புக் கலவை மட்டும் போதும் காந்திமதி. ஒயர் வச்ச சட்டையே வேணாம். ஊர்ல எவன் வாங்குவான் இப்ப?" என்றார் அவர்.

ஊரில் விற்பதற்கு அதைச் செய்யவில்லை, பனிமலைக்குச் செய்தது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். இன்னொரு சட்டை தைக்க ஒரு வாரம் போதும் என்றாள். பூச்சு தண்ணீரில் நின்றதைச் சொன்னாள். அதை மட்டும் அவர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். ஆகஸ்டில் கலவைக்கு முழு விவரமும் கொடுத்தார்கள். சட்டைக்குக் கொடுக்கவில்லை. நீட்டிப்பு கேட்டால் நவம்பர் வரை தாங்கும் என்று ஏஜென்ட் சொன்னார். கேட்டார்கள். உங்களுக்கு வேண்டாம் என்றால் சட்டை விண்ணப்பத்தை எங்கள் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று காந்திமதியும் பலராமனும் போய்க் கேட்டார்கள். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பார்க்கலாம் என்றார். ஆயுத பூஜை முடியட்டும் என்றார். தீபாவளி போகட்டும் என்றார். தீபாவளி போனது. நவம்பரும் போனது. விண்ணப்பம் காலாவதியானது. அதற்கப்புறம் டிசம்பரில் ஒரு நாள், சட்டையின் மேல் கம்பெனிக்கு உரிமை இல்லை என்று தாராளமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இருவரும் தங்கள் பேரில் புதிதாக விண்ணப்பித்தார்கள். புதுத் தேதிதான் கணக்கு, பழையது செல்லாது என்று ஏஜென்ட் எச்சரித்தார். இடையில் வேறு யாராவது போட்டிருந்தால் இப்போதைக்குத் தெரியாது என்றும் சொன்னார். வேறு வழி இருக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துப் பதில் வந்தது. இதே மாதிரி, கரிப்பூச்சுத் துணியால் சூடாகும் உடைக்கு பம்பாயில் ஒருவர் முந்தியே விண்ணப்பித்திருக்கிறார், ஆகவே இதை ஏற்க முடியாது என்று ஆட்சேபம். ஏஜென்ட் தேதியைக் காட்டினார். தொண்ணூற்றொன்று, அக்டோபர்.

ஏஜென்ட் ஆஃபீஸ் படியில் நின்று பலராமன் ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

"அக்டோபர்ல நம்ம சார் இன்னா பண்ணிக்கினு இருந்தாரு மேடம்?"

"பார்க்கலாம்னு சொல்லிக்கிட்டு இருந்தார்."

"பம்பாய்க்காரன் மேல தப்பில்ல. அவனும் ஒக்காந்து யோசிச்சிருப்பான்" என்றார் பலராமன். பீடியைப் பாதியிலேயே அணைத்தார். "இனிமே என்னைக் கூப்டாதீங்க மேடம். நான் மோட்டார் ரிப்பேர் மட்டும் பாத்துக்கறேன்."

அதே மாதத்தில் கலவை செய்யும் முறைக்குப் பேட்டன்ட் கிடைத்தது. குமாரவேல் அதைக் கண்ணாடி போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் காந்திமதியின் பேர் இருந்தது. அதில் அவர் நேர்மையாகவே நடந்துகொண்டார். எல்லாருக்கும் ஸ்வீட் கொடுத்தார்கள். டொலுவீன் பீப்பாய்கள் போய் ஒரு வருடமாகியிருந்தது. லைனில் யாருக்கும் தலை சுற்றுவதில்லை. குடைத்துணி ஆர்டர் நிறைய வந்துகொண்டிருந்தது. பலராமன் அந்தப் பக்கமே வரவில்லை.

காந்திமதி ஸ்வீட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும், "சட்டைக்கும் இதே கறுப்புதான் சார்" என்றாள்.

"தெரியும்மா" என்றார் குமாரவேல். அவருக்கும் வேறு ஏதோ சொல்ல இருந்த மாதிரி தெரிந்தது. அதற்குள் போன் அடித்தது. அவர் திரும்பி அதை எடுத்தார்.

காந்திமதி ஸ்வீட்டைப் பங்கஜத்தின் மேஜையில் வைத்துவிட்டு லைனுக்குப் போனாள். அரவை முடிந்திருந்தது. அடுத்ததை நேரத்தில் சேர்க்காமல் விட்டால் கரி அடியில் உட்கார்ந்துவிடும் என்று ஹெல்பர்கள் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.