மாலுக்குப் போன நாள்

நாலு தலைகளுக்கும் தண்ணீர் ஊற்றித் துவட்டி முடிப்பதற்குள் அவளுக்கு இடுப்பு கழன்றுவிட்டது. குளியலறை என்று சொல்லப்பட்ட அந்த மூலையில் ஓர் ஆள் நின்றால் இன்னோர் ஆள் திரும்ப முடியாது. மூத்த மகளை முதலில் குளிக்கவைத்து, அவளிடமே கடைசிக் குழந்தையைத் துடைக்கக் கொடுத்துவிட்டு, நடுவில் இருந்த இரண்டு பையன்களையும் ஒரே வாளித் தண்ணீரில் ஒப்பேற்றினாள். வாரம் முழுக்க ஊரார் மிதித்த தரையைத் துடைக்கிறவளுக்கு, லீவு நாளில் சொந்தப் பிள்ளைகளைத் துடைக்கிற வேலை. தரை சோப்போடு எழுந்து ஓடாது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடப் பெயரைச் சொல்லி வீட்டில் யாரும் கூப்பிட்டதில்லை. ஒன்பது வயது மகள் பெரியவள். ஏழு வயதுக்காரன் வாலு. காரணம் பார்த்தாலே தெரியும். ஐந்து வயதுக்காரன் சாமியார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று யாரோ சொல்லி வைத்ததுபோல் நாளெல்லாம் சும்மா இருப்பான். இரண்டரை வயதுக் கடைசிப் பெண் குட்டி. அப்பா லாரி ஓட்டுகிறவர். லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் எப்போது திரும்புவார் என்பது அவருக்கே தெரியாது.

அவள் வேலை பார்ப்பது நகரத்தின் பெரிய மால் ஒன்றில், துப்புரவுப் பிரிவில். இரவு படுக்கையில் பிள்ளைகள் கதை கேட்டால் ராஜா ராணிக்கு எங்கே போவது? அந்த மாலில் இருக்கும் ஓடுகிற படியைப் பற்றிச் சொல்வாள். நாம் நின்றால் போதும், படி நம்மைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். ஏறுவதற்குக் காசு கிடையாது. மேலே போன படி எங்கே போகும் என்று வாலு கேட்பான். தரைக்குள் புகுந்து திரும்பவும் கீழே வரும் என்பாள். சாமியார் கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருப்பான்.

"எப்பம்மா கூட்டிட்டுப் போவ?"

"அடுத்த வாரம்."

அடுத்த வாரம் வரும்; யாராவது ஒருத்தி வேலைக்கு வரமாட்டாள்; அவளுடைய லீவு பறிபோகும். இந்த முறைதான் சூப்பர்வைசர் தன் வாயாலேயே, "போயிட்டு வாங்கக்கா, கூப்பிட மாட்டேன்" என்று சொல்லியிருந்தான். பிள்ளைகள் நேற்று முழுக்க வீட்டு வாசல் படியில் ஒத்திகை பார்த்தார்கள். மஞ்சள் கோட்டில் மிதிக்கக் கூடாது, கைப்பிடியை விடக் கூடாது, கடைசிப் படி வந்ததும் காலைத் தூக்கி வைக்க வேண்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது குட்டி இடுப்பில், சாப்பாட்டுப் பை தோளில், சாமியார் ஒரு கையில். வாலுவின் சட்டைக் காலரைப் பெரியவள் பிடித்திருந்தாள். நிறுத்தம் மாலின் பின்பக்கம். முன்வாசலுக்குக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும். அந்த வாசல் வழியாக அவள் ஒருநாளும் உள்ளே போனதில்லை. இன்று போயிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் கால் பழகிய வழியிலேயே போயிற்று. பிள்ளைகளும் அம்மா பின்னாலேயே போனார்கள்.

"என்னக்கா, இன்னைக்குப் பட்டாளத்தோட வந்திருக்கீங்க?" என்றான் ஊழியர் வாசல் காவலாளி.

"சுத்திக் காட்டலாம்னு கூட்டிட்டு வந்தேன் தம்பி."

பேசிக்கொண்டே நடந்தவள், கதவோரம் இருந்த வருகைப்பதிவு மெஷினில் கட்டைவிரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. "நன்றி" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் சொன்னது.

"அம்மா, உனக்கு அது நன்றி சொல்லுது!" வாலு குதித்தான். "நானும் வைக்கிறேன், நானும் வைக்கிறேன்!"

அவள் தன் விரலைப் பார்த்தாள். பல வருடம் விடிந்ததும் செய்த காரியம். இன்று வைக்கக் கூடாது என்று விரலுக்கு யார் சொல்வது?

நடைபாதை முடிவதற்குள் சூப்பர்வைசர் போனும் கையுமாக ஓடி வந்தான். அவளைவிட வயதில் சின்னவன்.

"அக்கா, வந்துட்டீங்களா! தெய்வம் மாதிரி வந்தீங்க. ரெண்டு பேரு மட்டம் போட்டுட்டாங்க. இப்பதான் உங்க பேரு போன்ல வந்துச்சு."

"சார், நான் வேலைக்கு வரல. பிள்ளைங்களுக்கு மாலச் சுத்திக் காட்டக் கூட்டிட்டு வந்தேன். இன்னைக்கு எனக்கு லீவு, நீங்கதான சொன்னீங்க."

அவன் அப்போதுதான் பிள்ளைகளைப் பார்த்தான். முகம் மாறியது.

"அப்புறம் ஏன் விரல வச்சீங்க?"

"பழக்கத்துல வச்சுட்டேன் சார்."

"மெஷினுக்குப் பழக்கமெல்லாம் தெரியாதேக்கா. உள்ள வந்தாச்சுன்னு நம்மள வேலைக்கு அனுப்புற ஏஜென்சிக்குப் போயிருச்சு. இப்பப் போனீங்கன்னா வேலைய பாதியில விட்டுட்டுப் போனதாத்தான் காட்டும். பையனுக்குக் காய்ச்சல்னு ஏற்கெனவே ஒரு தடவ அப்படிப் போயிருக்கீங்க. ரெண்டாந்தடவன்னா ஆளையே மாத்திருவாங்க. உங்களுக்கே தெரியும்."

"அத அழிக்க முடியாதா சார்?"

"அழிக்கிற அதிகாரம் எனக்கு இருந்தா நான் ஏன்கா இப்படி நாயா ஓடிட்டிருக்கேன்?"

அவன் கெட்டவன் இல்லை. அவள் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை வாங்கித் தந்தவன். இரண்டு பேர் வராத நாளில் அவனுக்கு நல்லவனாக இருக்க நேரம் கிடைக்காது, அவ்வளவுதான். அடுத்த வாரம் கண்டிப்பாக வேறொரு நாள் தருவதாகச் சொன்னான். கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குக் கொட்டாவி வந்தது.

"பிள்ளைங்கள என்ன சார் பண்றது?"

அவன் தலையைச் சொறிந்தான். "ரெண்டாவது மாடியில பெஞ்சு இருக்குல்ல, அங்க உக்காரட்டும். ஜனங்களோட ஜனமா இருக்கட்டும், யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா உங்க பின்னாடி சுத்தக் கூடாது. யூனிஃபார்ம்ல இருக்கும்போது அம்மா அம்மான்னு வந்து ஒட்டிக்கிட்டு, அத மேல கேமராவுல பாத்துட்டாங்கன்னு வைங்க, எனக்கும் சேத்து வேட்டு."

உடை மாற்றும் அறையில் பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்தார்கள். அவள் நல்ல உடுப்பைக் கழற்றி மடித்து வைத்தாள். நீலச் சட்டையை மாட்டி, முடியை அள்ளித் தொப்பிக்குள் திணித்தாள். குட்டி தொப்பியைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இங்க பாருங்க, ஒரு விளையாட்டு," என்றாள் அவர்கள் முன்னால் குந்தி. "வெளிய போனதும் என்னைத் தெரியாத மாதிரி இருக்கணும். யாரும் அம்மான்னு கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா அவுட்டு."

"ஜெயிச்சா என்ன தருவ?" என்றான் வாலு.

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

சாமியார் அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தான். "எவ்ளோ நேரம்?"

"சாயங்காலம் வரைக்கும்டா."

அவன் தலையை ஆட்டினான்.

ஓடுகிற படியில் ஊழியர்கள் ஏறக் கூடாது. அவர்களுக்குப் பின்பக்கச் சரக்கு லிஃப்ட். ஆகவே படிக்குப் பக்கத்துத் தரையைத் துடைக்கிற சாக்கில் அவள் நின்றுகொண்டாள். முதலில் வாலு ஏறினான், ஏதோ பிறந்ததிலிருந்து அதிலேயே வளர்ந்தவன்போல. குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரியவள் காலை எடுத்து வைத்தபோது அம்மாவின் கையில் துடைப்பான் அப்படியே நின்றது. ஒன்றும் ஆகவில்லை. படி இருவரையும் தூக்கிக்கொண்டு போயிற்று. குட்டி வாயைப் பிளந்து கூரை விளக்குகளைப் பார்த்தது.

சாமியார் கீழேயே நின்றுவிட்டான். படிகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். "ஏறுப்பா தம்பி" என்றார் ஒருவர். அம்மா அவன் கையைப் பிடித்து ஏற்றுவாள் என்பதுதான் பேச்சு. அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வதுகூட ஒத்திகையில் இருந்தது. சாமியார் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தான். கூப்பிடவில்லை. அவள் துடைப்பான் கழியைப் பிடித்தபடி முகவாயை மட்டும் லேசாக அசைத்தாள், போ என்று. பின்னால் நின்றவர் பொறுமை இழந்து அவனை அக்குளில் பிடித்துத் தூக்கிப் படியில் வைத்தார். மேலே போகிறவரைக்கும் அவன் கீழே பார்த்தபடியே போனான்.

பிறகு வேலை அவளை இழுத்துக்கொண்டது. கழிப்பறை, கண்ணாடிக் கதவு, உணவுக் கூடத்து மேசைகள். இரண்டாவது மாடிக்கு வரும்போதெல்லாம் பெஞ்சை ஓரக்கண்ணால் பார்ப்பாள். நாலும் இருக்கும். ஒருமுறை வாலு எழுந்து நேராக அவளிடமே வந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெரிய மனுஷன்போல் நின்றான்.

"அக்கா, பாத்ரூம் எங்க இருக்கு?"

சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நேரா போயி இடது பக்கம் திரும்புங்க தம்பி."

"ரொம்ப நன்றிக்கா," என்று சொல்லிவிட்டு இரண்டு எட்டு போனவன், திரும்பி ஒரு கண்ணைச் சிமிட்டினான். அவள் அவன் திரும்பி வரும்வரை அந்தக் கதவையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

மதியம் பெஞ்சில் டப்பா திறந்தது. ரொட்டியும் அவித்த முட்டையும். முட்டை ஓடு தரையில் விழுந்தது. அவள் வந்து பெருக்கி எடுத்தாள். பெஞ்சின் ஓரத்தில் காகிதத்தில் சுருட்டி ஒரு முட்டை தனியாக இருந்தது. பெரியவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு அதை விரலால் தள்ளினாள். குப்பையை எடுப்பதுபோல் அவள் அதை எடுத்துக்கொண்டு போய், கழிப்பறைக்குள் தாழ் போட்டு நின்றுகொண்டே தின்றாள். உப்பு இல்லை. இருந்திருந்தாலும் நாக்குக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சாயங்காலக் கூட்டம் சேரத் தொடங்கியபோது இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கத்தியது. "ரெண்டாவது மாடி, பெஞ்சு கிட்ட தரை ஈரம். சீக்கிரம்."

அவள் சக்கர வாளியைத் தள்ளிக்கொண்டு போனாள். அக்காவின் மடியில் வெகுநேரம் தூங்கிய குட்டி, தூக்கத்திலேயே நனைத்துவிட்டு எழுந்து அழுதுகொண்டிருந்தது. பெரியவளின் உடுப்பும் ஈரம். பெஞ்சுக்கு முன்னால் மாடிக் காவலாளி குனிந்து நின்றான். அவனைக் கூட்டிவந்தவள் இரண்டு கையிலும் துணிக்கடைப் பைகளோடு ஒரு நடுவயதுக்காரி.

"நானும் ரொம்ப நேரமா பாக்குறேன். இதுங்களத் தேடி ஒருத்தரும் வரல. பாவமா இருக்கு," என்றாள் பைக்காரி.

"பாப்பா, உங்கம்மா எங்க?" என்று கேட்டான் காவலாளி.

அந்த நேரம் பார்த்துக் குட்டி நிமிர்ந்தது. வாளியோடு நின்றவளைக் கண்டது. இரண்டு கையையும் நீட்டி, "அ..." என்று தொடங்கியது. பெரியவள் அதைச் சட்டென்று இழுத்து அணைத்து வாயைப் பொத்தினாள்.

"எங்கம்மா கடைக்குள்ள இருக்காங்க. இப்ப வந்துருவாங்க."

"எந்தக் கடை?"

"அதோ, அந்தக் கடை," என்று எதிரே கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகள் உடுத்தி நின்ற துணிக்கடையைக் காட்டினாள். பொய் சொன்னால் அவளுக்குக் காது சிவந்துவிடும். வீட்டில் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பது. இப்போது காது சிவக்கவில்லை.

காவலாளி சரி என்று நகர்ந்தான். பைக்காரிக்குத்தான் ஆறவில்லை.

"நல்ல அம்மா! நாலு பிள்ளைங்களக் கொண்டாந்து பெஞ்சுல போட்டுட்டு உள்ள துணி எடுக்குறா. அந்தச் சின்னது எப்படி ஏங்குது பாரு. இவளுக்கெல்லாம் எதுக்குப் பிள்ளைங்க? நீயே சொல்லும்மா," என்று துடைக்க வந்தவளிடம் கேட்டாள்.

"ஆமாங்க," என்றாள் அவள்.

மனசு எங்கேயோ தூரத்தில் இருந்தது. கை மட்டும் வேலையைப் பார்த்தது. துடைப்பானை வாளியில் முக்கி, பிழிந்து, பெஞ்சுக்கு முன்னால் விரித்தாள்.

"காலத் தூக்கிக்குங்க," என்றாள்.

பெஞ்சில் இருந்த கால்கள் எல்லாம் ஒன்றாக மேலே போயின. வாலுவின் முகத்தில் விளையாட்டு இல்லை. சாமியார் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களுடைய கால்களுக்குக் கீழே இருந்த ஈரத்தை அவள் ஒற்றி எடுத்தாள். ஒருமுறை மருந்துத் தண்ணீரால், ஒருமுறை வெறும் துணியால், விதிப்படி. பிறகு வழுக்கும் என்று எழுதிய மஞ்சள் பலகையை விரித்து, பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்தினாள்.

வாக்கிடாக்கி உணவுக் கூடத்துக்கு வரச் சொன்னது. அவள் வாளியைத் தள்ளிக்கொண்டு சரக்கு லிஃப்டுக்குள் போனாள். கதவு மூடுவதற்கு முன் திரும்பிப் பார்த்தாள். காவலாளி போய்விட்டான், பைக்காரியும் போய்விட்டாள், பெஞ்சைச் சுற்றி ஒருவரும் இல்லை. பெரியவளின் கை மட்டும் குட்டியின் வாயை விட்டு இன்னும் இறங்கவில்லை.