பத்தாவது பிரசவம்

"உங்க லிஸ்டுக்கு எம் மருமவ வயிறுதான் கெடச்சுதா டீச்சரம்மா?" சாந்தம்மா குடத்தைக் குழாயடியில் நங்கென்று வைத்தாள். "தலப் பிரசவம் பொறந்த வூட்லதான். நாளைக்கே உத்தனப்பள்ளிக்குக் கூட்டிட்டுப் போறேன், யாரு தடுக்கறாங்கன்னு பாக்கறேன்!"

"தலைப் பிரசவங்கறதாலதான் ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு சொல்றேன். கத்தாதீங்க."

"ஆஸ்பத்திரிக்கு வேணுமா, உங்களுக்கு வேணுமா?"

தண்ணீருக்கு நின்ற நாங்கள் எட்டுப் பேரும் கேட்க நினைத்ததும் அதைத்தான். குழாயில் தண்ணீர் நின்றுபோனதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

டீச்சரம்மா என்கிற எங்கள் தெரு சரோஜம்மாள் நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் பதினாறு வருடமாகப் பிரசவம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவள். அந்தப் பதினாறு வருடத்தில் அவள் கையில் பிறந்தது ஒரே பிள்ளை. அதுவும் ரப்பர். வாரம் இரண்டு தடவை பிறந்து பிறந்து அதற்குத் தலையில் சாயமே போய்விட்டது. எண்பத்தாறில் மேலிடத்து உத்தரவு வந்தது: பாடம் நடத்துகிறவர்கள் மூன்று மாதத்தில் பத்துப் பிரசவம் சொந்தக் கையால் பார்த்து, வார்டு நர்ஸிடம் கையெழுத்து வாங்க வேண்டும். தவறினால் வகுப்பு கிடையாது. ஸ்டோரில் படுக்கை விரிப்புகளோடு குடித்தனம்.

கையெழுத்துப் போட வேண்டிய வார்டு நர்ஸ் கருப்பாயி. பொம்மைத் தலையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று சரோஜம்மாள் இரண்டு தடவை ஃபெயிலாக்கிய அதே கருப்பாயி. கடவுள் இருக்கிறார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

"டீச்சர், இது வழுக்கும். துணி வச்சுப் புடிங்க" என்பதில் தொடங்கி ஒன்பது முடிந்தது. பத்தாவதுதான் அகப்படவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிற வலிக்கெல்லாம் மாணவிகள் முன்கூட்டியே வரிசை போட்டிருந்தார்கள். தெருவிலோ, ஏழாம் மாதமானால் ஒருத்தியும் தங்கமாட்டாள், பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள். எங்கள் ஊர் கம்பெனிகளில் எல்லாம் தயாராகும். பிள்ளைகள் மட்டும் வெளியூர் சரக்கு. உத்தனப்பள்ளி அப்பா வீட்டில் கூரை மாற்றிக்கொண்டிருந்ததால் சாந்தம்மாவின் மருமகள் முனிலட்சுமி ஒருத்திதான் ஒன்பதாம் மாதத்திலும் இங்கே இருந்தாள். கெடுவுக்கு இன்னும் ஆறு நாள்.

குழாயடிச் சண்டைக்கு மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் மாமியாரும் மருமகளும் பையோடு நின்றார்கள். வழியனுப்புகிற சாக்கில் சரோஜம்மாளும் குடையோடு நின்றாள். நான் கீரை வாங்கப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் கீரை விற்பதில்லை என்பது வேறு விஷயம்.

பஸ் வருவதற்குள் முனிலட்சுமிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது.

"ஐயோ, டீச்சரம்மா! நின்னு பாக்கறீங்களே, எதுனா செய்ங்களேன்!" என்று கத்தியது யார் என்கிறீர்கள்? சாட்சாத் சாந்தம்மாதான்.

ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் நடந்ததை ஆயா மாரம்மா சொன்னாள். ஒரு காபிக்கு அவள் நடந்ததைச் சொல்வாள், இரண்டாவது காபிக்குக் கூட்டிச் சொல்வாள். நான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

சாயங்காலம் தலை வெளியே வந்தது. கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்று. பொம்மைக்குக் கொடி என்பது பாவாடை நாடா. விரலை விட்டு இழுத்தால் வந்துவிடும். இது இறுக்கிக் கிடந்தது. சரோஜம்மாளின் விரல் அங்கேயே நின்றுவிட்டது. கருப்பாயி இடுப்பால் அவளை ஒரு இடி இடித்துத் தள்ளி, இரண்டு கிளிப் போட்டு, நடுவில் வெட்டி, பிள்ளையை எடுத்தாள். நீலமாக இருந்தது, முதுகைத் தேய்த்ததும் வீறிட்டது.

"நீங்க போர்டுல எழுதிப் போட்டதுதான் டீச்சர். மூணாவது பாயிண்டு."

வெளியே சாந்தம்மா, டீச்சரம்மாதான் காப்பாற்றினாள் என்று ஊரைக் கூட்டியிருந்தாள். கருப்பாயி நோட்டை நீட்டினாள். "பத்துன்னு போட்டுக்குங்க, நான் கையெழுத்துப் போடறேன். யாரு வந்து பாக்கப் போறா?"

சரோஜம்மாள் பேனாவைத் திறந்தாள். கொஞ்ச நேரம் பிள்ளையைப் பார்த்தாள். மூடிவிட்டாள்.

"வெட்டுனது உன் கை."

மார்க் போடுவதில் அப்படி ஒரு கஞ்சத்தனம்! தனக்கே ஃபெயில் போட்டுக்கொண்டவளை நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

மிச்சமிருந்த நாட்களில் ஒரு வலியும் அவள் பங்குக்கு வரவில்லை. ஸ்டோருக்கு அனுப்புவதற்குப் பதில் பிரசவ வார்டிலேயே போடுங்கள் என்று அவளே மனு எழுதிக் கொடுத்தாள். கருப்பாயிக்குக் கீழே ஒரு வருடம் வேலை பார்த்தாள். டீச்சரை மாணவி அதட்டுவதைக் கேட்க ஆஸ்பத்திரி ஜன்னலோரம் கூட்டம் சேர்ந்தது. நானும் தினம் போனேன்.

அடுத்த தை மாதம் கருப்பாயி, கம்பெனியில் ஃபிட்டராக இருந்த தீர்த்தகிரியைக் கட்டிக்கொண்டு ஆனேக்கல் பக்கம் போய்விட்டாள். அவள் நாற்காலியில் சரோஜம்மாள் உட்கார்ந்தாள். பள்ளியிலிருந்து திரும்பக் கூப்பிட்டும் போகவில்லை. எங்கள் தெரு வீட்டைக் காலி செய்து ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸுக்கே குடிபோனாள். அந்த வீட்டுக்குத் திம்மராயன் என்று ஒரு பிரம்மச்சாரி வந்திருக்கிறான். காலையில் போகிறான், சாயங்காலம் வருகிறான், படுத்துத் தூங்குகிறான். அவனை வைத்துக்கொண்டு என்னத்தைப் பேசுவது?