வெள்ளித்தாள் வேய்ந்த கொட்டகை

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் மனைவி முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். அட்டைப்பெட்டி செய்கிற எங்கள் தகரக் கொட்டகையில், அதுவும் நடுக்கோடையில், ஒரு மனுஷி போர்த்திக்கொண்டு உட்கார்ந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. "என்னங்க, எனக்குக் குளிருதுங்க" என்றாள். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தும் எனக்கு வாயெல்லாம் பல்.

நாலு பக்கமும் தகரம், மேலேயும் தகரம். கோடையில் அதற்குள் நாங்கள் செய்ததை வேலை என்று சொல்ல முடியாது, வெந்துகொண்டிருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் அங்கே மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். கீழே வைத்த ஸ்பேனரைக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் கை சுடும். எனக்குப் பரவாயில்லை, ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். அவளால் அது முடியாது. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், மற்ற மூன்று நாள் இங்கே ஸ்டூலில் உட்கார்ந்து பெட்டி மடிக்கிற வேலை. வீட்டில் சும்மா இருந்தால் நோயாளி மாதிரி இருக்கிறது என்பாள். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழி இல்லாததால் நாள் ஒன்றுக்கு முக்கால் லிட்டர்தான். குழம்பு, காபி, மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். போன மாதம் ஒரு மத்தியானம், கை கழுவுகிற வாளியில் அவள் விரலை நனைத்து உதட்டில் தடவிக்கொள்வதைப் பார்த்துவிட்டேன். நான் பார்ப்பது தெரிந்ததும் திருடி மாதிரி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து இரண்டு வருஷம் எட்டு மாதம். வரிசையில் மேலே வந்துவிட்டாள், எந்த நேரமும் அழைப்பு வரலாம் என்று அங்கே அதைக் கவனிக்கிற மேடம் சொல்லியிருந்தார். யாரோ ஒருவர் இறந்து, அவர் வீட்டார் அந்த நிலையிலும் மனசு வைத்தால்தான் அது கிடைக்கும். மணிக்கணக்கு பார்த்துச் செய்கிற காரியம் என்பதால், நாம் எடுக்காவிட்டால் அடுத்த பேருக்குப் போய்விடும். இரண்டு நம்பர் கேட்டார். என்னுடையதையும் அவளுடையதையும் கொடுத்தேன். "ஒண்ணு விட்டா ஒண்ணு மேடம்" என்று பெருமையடித்துக்கொண்டு வேறு வந்தேன். அன்றிலிருந்து குளிக்கப் போனாலும் போனோடுதான் போகிறேன். லோன் வேண்டுமா என்று கேட்கக் கூப்பிட்ட ஒரு பெண்ணிடம், "இதோ கிளம்பிட்டோம் மேடம்" என்று கத்தி அவளை மிரள வைத்திருக்கிறேன்.

வாளியில் விரல் நனைத்ததைப் பார்த்த மறுநாளே ஓனரம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "ஏசியெல்லாம் நம்மால ஆகாதுப்பா" என்றார். "ஏசி இல்லம்மா, தாள். நானே போட்டுத் தரேன்" என்றேன். புது டிவி வாங்கினால் குமிழ் குமிழாக ஒரு பிளாஸ்டிக் சுற்றி வருமே, குழந்தைகள் உடைத்து விளையாடுமே, அதேதான். அதன் இரண்டு பக்கமும் அலுமினியத்தாள் ஒட்டி வெள்ளியாக மின்னும். தகரத்தில் இறங்குகிற அனலை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். கடைக்காரர் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். தகரத்தோடு ஒட்ட வைக்கக் கூடாது, நடுவே ஒரு விரல் அளவாவது காற்று இருக்க வேண்டும். இணைப்பு ஒன்று விடாமல் டேப் போட வேண்டும். மூன்றாவதாக ஒன்றையும் சொல்லியிருக்கலாம். அவருக்கே தெரியாதோ என்னவோ.

கட்டிங் மெஷின் ஓட்டுகிறவர் எங்கள் எல்லோருக்கும் அண்ணன். அவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு போன ஞாயிறு கூரையை முடித்தேன், இந்த ஞாயிறு சுவர்களை. வாசல் ஷட்டரைத் திறந்து போட்டுக்கொண்டு, ஏணியில் ஏறி இறங்கி, கம்பி இழுத்து, அதன்மேல் தாளை விரித்து, ஒரு ஊசி நுழைய இடம் விடாமல் டேப் ஒட்டினேன். சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் இருந்த இடைவெளியையும் அடைத்தேன். அவள் உட்காருகிற இடத்துக்குப் பின்னால் ஒரு ஜன்னல் உண்டு. சாயங்கால வெயில் அதன் வழியாக நேராக அவள் பிடரியில் அடிக்கும். அதன்மேல் மட்டும் இரண்டு அடுக்காகப் போட்டேன். "பொண்டாட்டிக்குத் தாஜ்மகால் கட்டுறான்யா" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டே அண்ணன் கிண்டல் செய்தார். செய்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது.

திங்கட்கிழமை குளிர்ச்சி போய்விடக்கூடாதென்று ஷட்டரை இறக்கிவிட்டே வேலை பார்த்தோம். வழக்கமாகப் பத்தரை மணி டீக்கு எல்லோரும் வெளியே ஓடுவோம். அந்த நேரத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தின் நிழல் வாசலில் விழுந்திருக்கும். உள்ளே நின்று டீ குடித்தால் டீயைவிட நாம் சூடாக இருப்போம். அன்றைக்கு யாருக்கும் வெளியே போக மனசு வரவில்லை. டீயை உள்ளேயே வரவழைத்தோம். ஓனரம்மா தன் அறையிலிருந்து எழுந்து வந்து எங்களோடு ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். "மெக்கானிக், உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்பா" என்றார். என் மனைவி காலையிலிருந்து இரண்டே இரண்டு மடக்குதான் குடித்ததாகச் சொன்னாள். நாக்கு வறளவே இல்லையாம். ஒரு போன்கூட அடித்துத் தொல்லை பண்ணவில்லை, எவ்வளவு நிம்மதியான காலை என்று நான் நினைத்தது இப்போதும் நினைவிருக்கிறது. அப்படி நினைத்ததற்காகவே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஷட்டரைத் தூக்கி வெளியே காலை வைத்தேன். சட்டைப்பையில் போன் துடிக்க ஆரம்பித்தது. ஒரு செய்தி, இன்னொரு செய்தி, நிற்கவே இல்லை. எடுத்துப் பார்த்தேன். ஒரே நம்பர் ஆறு முறை கூப்பிட்டிருந்தது. முதல் அழைப்பு பத்து ஐந்துக்கு, கடைசி அழைப்பு பத்து ஐம்பத்திரண்டுக்கு. பெயர் போட்டுப் பதிந்து வைத்திருந்த நம்பர்தான். திருப்பிக் கூப்பிடும்போது விரல் இரண்டு முறை தவறான இடத்தில் பட்டது.

"சார், எங்க இருந்தீங்க?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார் மேடம். கோபம் இல்லை, களைப்புதான் தெரிந்தது. "ரெண்டு நம்பருக்கும் மாத்தி மாத்தி அடிச்சோம். தொடர்பு எல்லைக்கு வெளியேன்னே வந்துச்சு."

"நாங்க எங்கயும் போகலையே மேடம். வேலையிலதான் இருந்தோம். இப்பவே கூட்டிட்டு வரேன். அரை மணி நேரம்."

"சார்... அடுத்தவங்களுக்குச் சொல்லிட்டோம். அவங்க வந்து அட்மிட்டும் ஆயாச்சு."

"இதை எங்களுக்குக் குடுத்துட்டு, அவங்களுக்கு வேற ஒண்ணு வந்தா..." என்று ஆரம்பித்தேன். என்ன பேசுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வரிசையில் உங்கள் பெயர் அப்படியே இருக்கிறது, தைரியமாக இருங்கள் என்றார் அவர். அடுத்தது எப்போது வரும் என்று கேட்டேன். போனை மட்டும் கையிலேயே வைத்திருங்கள் என்றார்.

அண்ணன் சாப்பாட்டுத் தூக்கோடு பின்னால் வந்தார். ஷட்டரைத் தாண்டியதும் அவர் போனும் டிங் டிங் என்றது. அவருக்குப் பின்னால் வந்த பெண்ணின் போனும். "என்னப்பா, காலையிலேர்ந்து வந்ததெல்லாம் இப்பதான் மொத்தமா வருது" என்றார் அவர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அனல் நுழையாமல் அடைத்தேன் என்று பெருமைப்பட்டேனே, எதையெல்லாம் சேர்த்து அடைத்து வைத்திருக்கிறேன்! அந்த ஜன்னல் வழியாகத்தான் அவள் போனுக்கு இரண்டு கட்டமாவது சிக்னல் வந்துகொண்டிருந்தது. அதற்குத்தான் நான் இரண்டு அடுக்குப் போட்டிருந்தேன்.

உள்ளே போய் அவளிடம் சொன்னேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "காலையில கூப்பிட்டிருக்காங்க. நமக்குக் கேக்கல. வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க."

முதலில் சிரித்தாள். விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து தன் போனை எடுத்தாள். அதில் ஒன்றும் இல்லை. "எனக்கு எதுவும் வரலையேங்க. நல்லா பாருங்க, வேற யாருக்காவது இருக்கும்."

"வெளிய வா" என்றேன்.

ஷட்டர் கோட்டைத் தாண்டினாள். கையிலிருந்த போன் ஐந்து முறை அதிர்ந்தது. ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு ஒரு அடி பின்வாங்கி உள்ளே நின்று திரையைப் பார்த்தாள். மறுபடி வெளியே வந்து பார்த்தாள். மறுபடி உள்ளே. சாப்பிட உட்கார்ந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். "ஒரு அடிங்க" என்றாள். "ஒரே ஒரு அடி." குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

ஓனரம்மா ஓடி வந்தார். விஷயம் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இனிமேல் எல்லோரும் போனை வெளியே ஒரு மேசையில் வைத்துவிடலாம், ஒரு ஆளை உட்கார வைக்கலாம் என்றார். அவ்வளவு சுலபமான காரியம்தான் அது. நான் கட்டிங் மேசைக் கத்தியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். "கிழிச்சு எறியறேன் எல்லாத்தையும்."

"கிழிக்காதீங்க" என்றாள் அவள். "மத்தவங்க என்ன பாவம் பண்ணாங்க? இன்னைக்குத்தான் கொஞ்சம் மூச்சு விடறாங்க."

கத்தி என் கையிலேயே இருந்தது. அவள் தன் ஸ்டூலைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்து ஒரு கட்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். உச்சி வெயிலில் வாசலில் பேருக்குக்கூட நிழல் இல்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, போனைத் திரை மேலே தெரியும்படி மடியில் வைத்து, முதல் அட்டையை மடித்தாள். உள்ளே வா என்று எந்த முகத்தோடு கூப்பிடுவேன்?

அண்ணன் எங்கிருந்தோ ஒரு குடையைத் தேடி எடுத்து வந்து அவள் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தார்.

"குடை வேணாம்ண்ணா" என்றாள், அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மறைக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். மடக்கவும் மனசு வராமல், பிடிக்கவும் துணியாமல், குடையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தபடி நின்றுவிட்டார். அவள் ஸ்டூலுக்குப் பக்கத்தில், வெறும் தரையில், வட்டமாக நிழல் விழுந்து கிடந்தது.