பணிஸ் நனைத்த தரை

எங்கள் நாய்க்குட்டிக்குப் பணிஸ் என்று பெயர் வைத்தவள் என் மனைவி தேனுகா. அவள் துறைமுகக் கந்தோரில் வேலை முடிந்து வீடு வந்ததும் அது வயிற்றைத் தரையில் ஒட்டி, வாலை ஆட்டி, மூத்திரம் விட்டுவிடும். நான் வந்தாலும் அப்படித்தான்.

மிருக வைத்தியர் பரீதாவிடம் காட்டினோம். அது குழப்படி இல்லை, சந்தோசம் மிஞ்சினால் குட்டிகளுக்கு அடக்க ஏலாது என்றார். ஏசக்கூடாது. பார்க்காமல், குனியாமல், பேசாமல் உள்ளே வரவேண்டும். அது அமைதியான பிறகு முற்றத்தில் வைத்துத் தடவலாம். வளர வளர நின்றுவிடும்.

நான் அப்படியே செய்தேன். என்னைக் கண்டு விடுவது நின்றது. தேனுகாவால் முடியவில்லை. செருப்பைக் கழற்றும் முன்பே குனிந்து, "என்ர பணிஸ் குட்டி" என்பாள். பிறகு சிரித்துக்கொண்டே துடைப்பாள்.

டெங்கு அவளை ஒரே கிழமையில் கொண்டுபோனது.

சல்லிக் கிராமத்திலிருந்து வந்த மாமி, தேனுகாவின் அம்மா, எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவன்று படைக்கும் இடத்தில் நாய் ஒரு சொட்டு விட்டாலும் அதை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்றார். ஒப்புக்கொண்டேன். அவள் விட்டுப்போன உயிர் அது ஒன்றுதான், கொடுக்க மனமில்லை. ஆனால் தரை காய்ந்தே கிடந்தது. அந்த வீட்டில் யாரும் குனிந்து அதைக் கொஞ்சவில்லை.

எட்டுச்செலவன்று பின்னேரம் சோறும் இறால் பொரியலும் அவள் படத்துக்கு முன் படைத்தோம். செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பது வழக்கம். நின்றோம். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. உள்ளே வால் தரையில் அடிபடும் சத்தம் கேட்டது. பின்வளவில் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு பணிஸ் பின்கதவால் நுழைந்திருக்க வேண்டும்.

"இறால் முடிஞ்சுது, அத்தான்," என்றான் மைத்துனன் கோணேஸ்வரன்.

மாமி கதவைத் திறந்தார். படையல் கலையவில்லை. பணிஸ் வயிற்றைத் தரையில் ஒட்டிக் கிடந்தது. எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கதிரைக்கும் சுவருக்கும் நடுவே, வெறும் இடத்தைப் பார்த்து வாலை ஆட்டியது. கதவு திறந்த சந்தோசம் என்று நினைக்கப் பார்த்தேன். ஈரம் ஏற்கெனவே வாழையிலை வரை ஓடியிருந்தது.

இனி நாயைக் கொடுக்க வேண்டியதுதான். துணி எடுக்கத் திரும்பினேன். மாமி என் கையைப் பிடித்தார்.

"துடைக்காதேங்கோ, தம்பி."

பிறகு ஈரத்தின் அருகே மெல்ல இருந்து, நாயிடம் கேட்டார்:

"என்னடா சொன்னவள்?"